கிராக், மலிவு கீ, சந்தா, கட்டற்ற மென்பொருள்: ஒரு சிறு கடையின் கணினிக்கு எது பொருந்தும்?

பல ஊர்களிலிருந்து ஒரே கேள்வி வேறு வேறு சொற்களில் வந்துகொண்டிருக்கிறது. புதிதாக டிடிபி கடை போடுபவர், போட்டோ ஸ்டூடியோவுக்குக் கணினி வாங்குபவர், வீட்டில் இருந்தபடி கணக்கு எழுதித் தருபவர் என எல்லோரும் கேட்பது இதுதான்: "கணினி விற்பவரே விண்டோஸ், ஆபீஸ், ஃபோட்டோஷாப் எல்லாம் போட்டுத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா, இல்லை காசு கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?"

கேட்பவர்கள் யாரும் பிறரை ஏமாற்ற நினைப்பவர்கள் அல்லர். கடன் வாங்கி முதல் போட்டவர்கள். அவர்களுக்குத் திருட்டு நகல் தவறு என்று பாடம் நடத்துவதில் பயனில்லை. நான் சொல்ல வருவது வேறு. திருட்டு நகலால் ஃபோட்டோஷாப் தயாரிக்கும் அடோபிக்கோ, விண்டோஸும் ஆபீஸும் தயாரிக்கும் மைக்ரோசாஃப்டுக்கோ ஏற்படும் இழப்பைவிட, அந்தக் கணினியை நம்பி ஆதார் அட்டையையும் கல்யாணப் படங்களையும் ஒப்படைத்தவர்களுக்கு ஏற்படும் இழப்பு பெரியது. மென்பொருள் நிறுவனங்களின் வியாபார முறைமீது எனக்கும் கோபம் உண்டு, அதையும் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கோபத்துக்கு உங்கள் வாடிக்கையாளர் விலை கொடுக்கக் கூடாது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கணினியில் இருக்கப்போவது யாருடைய தரவு என்பதை. வீட்டில் விளையாட வைத்திருக்கும் கணினி கெட்டால் போவது உங்கள் நேரம். கடைக் கணினி அப்படியல்ல. நகல் எடுப்பதற்காக வாட்ஸ்அப்பில் வந்த ஆதார், பான், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் டவுன்லோட்ஸ் போல்டரில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மற்ற எல்லா அளவுகோல்களும் இதற்குப் பிறகுதான்.

அடுத்தது ஐந்தாண்டுச் செலவு. விலைப்பட்டியலில் உள்ள மாதத் தொகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சந்தா மாதம் 2,000 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால் ஐந்தாண்டில் 1,20,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகச் சேர்ந்தால் 1,41,600. ஜிஎஸ்டி பதிவுள்ள கடை பொதுவாக அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாத கடைக்கு அது முழுச் செலவு. இலவச மென்பொருளுக்கும் செலவு உண்டு. பழகும் வரை வேலை மெதுவாக நடக்கும். அந்த வாரங்களின் வருமானத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.

மூன்றாவது, நீங்கள் செய்த கோப்பு அடுத்து யாரிடம் போகிறது. ஃபிளெக்ஸ் அடிப்பவர் கோரல்டிரா கோப்புதான் வேண்டும் என்றால் உங்கள் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. பிடிஎஃப் போதும் என்பவரானால் நீங்கள் எதில் செய்தீர்கள் என்று அவர் கேட்கப்போவதில்லை. நான்காவது, தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறதா. ஐந்தாவது, நாளை அந்த மென்பொருளை விட்டு விலக நினைத்தால் பழைய வேலைகளெல்லாம் உங்கள் கையில் இருக்குமா.

## கிராக் போட்ட நகல்

கிராக் என்பது மென்பொருளின் உரிமச் சோதனையை உடைக்கும் நிரல். அதைப் போட்ட நகலின் கவர்ச்சியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உடனே கிடைக்கிறது. ஊரில் எல்லோருக்கும் பழகிய மென்பொருள். வேலைக்கு வருபவருக்குப் புதிதாக எதுவும் கற்றுத்தர வேண்டியதில்லை.

சிக்கல், அதை நிறுவும் முறையிலேயே இருக்கிறது. பெரும்பாலான கிராக்குகளோடு வரும் குறிப்பு இரண்டு விஷயங்களைக் கேட்கும்: ஆன்டிவைரஸை நிறுத்துங்கள், நிர்வாகி உரிமையோடு இயக்குங்கள். "வைரஸ் என்று காட்டும், பயப்பட வேண்டாம்" என்றும் எழுதியிருக்கும். சில சமயம் அது உண்மையிலேயே தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். எது எப்போது உண்மை என்று உங்களாலும் சொல்ல முடியாது, போட்டுத் தந்தவராலும் சொல்ல முடியாது. கணினியின் முழு அதிகாரத்தையும் முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்த பிறகு, அவர் நல்லவராக இருக்க வேண்டும் என்று நம்புவதைத் தவிர வேறு பாதுகாப்பு கிடையாது.

நல்லவராக இல்லாதபோது என்ன நடந்தது என்பதற்குச் சான்றுகள் நிறைய உண்டு. 'ஸ்டாப்' அல்லது 'டிஜேவியு' என்று அழைக்கப்படும் பிணைத்தொகை வைரஸ் 2018 முதல் பரவியது முக்கியமாக கிராக்குகள், கீஜென்கள் (போலி உரிம எண் உருவாக்கும் நிரல்கள்) வழியாகத்தான். படங்களையும் ஆவணங்களையும் பூட்டிவிட்டு ஒரு கடிதத்தை விட்டுச்செல்லும்: விலை 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490 டாலர். பெரிய நிறுவனங்களிடம் லட்சக்கணக்கான டாலர் கேட்கும் கும்பல்கள் உண்டு. இந்தத் தொகையோ வீட்டுக் கணினிக்கும் சிறு கடைக்கும் வைத்த விலை. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் 148 வகைகளுக்கு இலவசத் திறவுகோல் கருவி வெளியிட்டது. அதற்குப் பின் வந்த பல வகைகளில் பூட்டப்பட்டவர்களுக்கு அது உதவவில்லை.

2021 ஜூனில் அவாஸ்ட் நிறுவனம் 'கிராக்கோனோஷ்' என்ற ஒன்றை வெளிப்படுத்தியது. கிராக் செய்த விளையாட்டுகளோடு வந்து, கணினியைப் பாதுகாப்புப் பயன்முறையில் மறுதொடக்கம் செய்து, ஆன்டிவைரஸை நீக்கி, விண்டோஸ் புதுப்பிப்பையும் நிறுத்திவிட்டு, உங்கள் கணினியின் சக்தியில் சத்தமில்லாமல் மொனேரோ என்ற மின்நாணயம் தோண்டும். உலகெங்கும் 2,22,000-க்கு மேற்பட்ட கணினிகளில் அது இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், விண்டோஸைச் செயல்படுத்தும் 'கேஎம்எஸ்பிக்கோ' என்ற கருவியின் பெயரில் உலவிய போலி நிறுவிகள் 'கிரிப்ட்பாட்' என்ற தகவல் திருடியைக் கொண்டுவருவதாக ரெட் கேனரி நிறுவனம் எழுதியது.

இந்தத் தகவல் திருடிகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். பூட்டும் வைரஸ் வந்தால் உடனே தெரிந்துவிடும். திருடி வந்தால் எதுவும் தெரியாது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களோடு, நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைக் காட்டும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். அந்தக் குக்கி கையில் இருந்தால், பல தளங்களில் கடவுச்சொல்லும் ஓடிபியும் இல்லாமலேயே உங்கள் கணக்குக்குள் நுழைய முடியும். "ஓடிபி யாரிடமும் சொல்லவில்லையே, எப்படிப் போனது?" என்று திகைப்பவர்களில் சிலருக்கு விடை இங்கே இருக்கலாம்.

ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். அசல் அல்லாத விண்டோஸுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பே வராது என்று பலர் சொல்கிறார்கள். பொதுவாக அது உண்மையில்லை. மைக்ரோசாஃப்ட் அவற்றைத் தடுப்பதில்லை. ஆனால் கிராக் போடுபவர்களே, செயல்படுத்தல் கலைந்துவிடும் என்று பயந்து, புதுப்பிப்பை நிறுத்திவிடுவது வழக்கம். அதன் விளைவை 2017 மே மாதத்தில் பார்த்தோம். வானாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு மார்ச் 14 அன்றே வெளிவந்துவிட்டது. அதைப் போடாத கணினிகள்தான் சுமார் 150 நாடுகளில் பூட்டப்பட்டன.

சட்டம் இன்னொரு மறைமுகச் செலவு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 63பி பிரிவின்படி, திருட்டு மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்கோ ஆதாயத்துக்கோ இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விடலாம். இந்தச் சலுகை கடைக்குப் பொருந்தாது என்பதைக் கவனியுங்கள்.

கிராக் எப்போது சரியான தேர்வு? பிறர் தரவு இருக்கும் கணினியில் ஒருபோதும் இல்லை. பலர் கேட்கும் ஓர் இக்கட்டு மட்டும் உண்டு: பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். 2001-இல் வந்த 7.0-வோடு அதன் கதை முடிந்தது. அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைனின் இன்றைய பதிப்பு அதன் கோப்புகளைத் திறப்பதில்லை. தமிழ்ப் பதிப்பகங்களின் பத்து, இருபது ஆண்டு உழைப்பு பழைய எழுத்துரு முறையில் அதற்குள் கிடக்கிறது. விற்பனையில் இல்லை என்பதால் உரிமை காலாவதியாகிவிடாது. அசல் வட்டு இருக்கிறதா என்று அலமாரியில் தேடுங்கள், அல்லது அது இருக்கும் அச்சகத்தில் கேளுங்கள். இணையமே இல்லாத ஒரு பழைய கணினியில் அதைப் போட்டு, எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி, உரையை யூனிகோடுக்கு மாற்றி வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

## மலிவு கீ

இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு 'வாழ்நாள்' கீ (மென்பொருளைச் செயல்படுத்தும் உரிம எண்) கிடைக்கிறது. பில்லும் வருவதால் பலர் இதை அசல் என்றே நம்புகிறார்கள். ஆபீஸ் புரொபஷனல் பிளஸ் என்பது நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரப்படும் தொகுதி உரிமத்தில் வருவது. தனி ஆளுக்குச் சில்லறையில் அது விற்கப்படுகிறதென்றால், ஏதோ ஒரு நிறுவனத்தின் கீ வெளியே கசிந்திருக்கிறது என்றுதான் பொருள். அது எந்த நாளும் முடக்கப்படலாம்.

கிராக்கைவிட இதில் ஒரு நன்மை உண்டு: மென்பொருளை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கினால் வைரஸ் ஆபத்து இல்லை. உரிமை மட்டும் உங்களுடையதாக இருக்காது. காசும் கொடுத்து உரிமையும் இல்லாமல் இருப்பதற்கு இதைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

## சந்தா

ஃபோட்டோஷாப், இன்டிசைன் போன்றவற்றில் புதிய பதிப்பை நேரான வழியில் பெற இது ஒன்றுதான் வழி. 2012-இல் வந்த சிஎஸ்6-தான் ஒருமுறை விலைக்குக் கிடைத்த கடைசித் தலைமுறை. 2013 மே மாதம் இனி சந்தா மட்டுமே என்று அடோபி அறிவித்தது.

வேலையைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. அச்சுக்கான நான்கு வண்ண முறை கச்சிதமாக இருக்கும். யூனிகோடு தமிழும் சரியாக வரும்; ஆனால் அமைப்புகளில் 'வேர்ல்ட்-ரெடி' எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது தெரியாமல் கொம்பும் காலும் இடம் மாறி வருவதைப் பார்த்துவிட்டு, ஃபோட்டோஷாப்பில் தமிழ் வராது என்று பழைய எழுத்துருவுக்கே திரும்பியவர்கள் பலர்.

வியாபார முறைதான் கோபமூட்டுகிறது. 'ஆண்டு ஒப்பந்தம், மாதத் தவணை' என்ற திட்டம் மாதச் சந்தா போலவே தோன்றும். நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டச் சொல்வார்கள். இந்தக் கட்டணத்தை மறைத்ததாகவும் விலகும் வழியை வேண்டுமென்றே கடினமாக்கியதாகவும் அமெரிக்க வணிக ஆணையத்தின் பரிந்துரையில் அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபிமீது வழக்குத் தொடர்ந்தது. அடோபி அதை மறுத்தது. 2025 அக்டோபரில் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் மைக்ரோசாஃப்டை நீதிமன்றத்துக்கு இழுத்தது. கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரை ஆபீஸ் சந்தாவில் சேர்த்து விலையை ஏற்றிவிட்டு, பழைய விலையிலேயே தொடரும் திட்டம் ஒன்று இருப்பதைச் சுமார் 27 லட்சம் வாடிக்கையாளர்களிடம் சொல்லாமல் விட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 2019 அக்டோபரில் அமெரிக்க அரசின் ஆணையைக் காட்டி, வெனிசுவேலாவில் எல்லாக் கணக்குகளையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்ததும் (சில வாரங்களில் பின்வாங்கியது) நினைவில் வைக்க வேண்டிய செய்தி. சந்தாவில் நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்கள்.

1998-இல் பில் கேட்ஸ் சீனாவைப் பற்றிப் பேசும்போது, திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், பழகிவிடுவார்கள், பிறகு வசூலிக்க வழி கண்டுபிடிப்போம் என்ற பொருளில் வெளிப்படையாகவே சொன்னார். நம் ஊர்ப் பயிற்சி மையங்களில் ஒரு தலைமுறையே கிராக் ஃபோட்டோஷாப்பில் தொழில் கற்றது. அந்தப் பழக்கம்தான் இன்று அவர்களை வேறு எதையும் பார்க்கவிடாமல் சந்தாவின் வாசலில் நிறுத்தியிருக்கிறது. திருட்டு நகல் அந்த நிறுவனங்களைப் பலவீனப்படுத்தவில்லை; வளர்த்தது.

மாதம் முழுவதும் அச்சு வேலை வந்துகொண்டிருக்கும் கடைக்கும், நிறுவனங்களோடு கோப்பைப் பரிமாறிக்கொள்ளும் வடிவமைப்பாளருக்கும் சந்தா கட்டுப்படியாகும். சேரும்போது திட்டத்தின் பெயரையும் புதுப்பிக்கும் தேதியையும் எழுதிவையுங்கள். முடிந்த வேலைகளைப் பிடிஎஃப்பாகவும் படமாகவும் தனியே சேமித்துவாருங்கள்.

## ஒருமுறை விலை

விண்டோஸுக்கும் ஆபீஸுக்கும் இந்த வழி இன்னும் இருக்கிறது. பிராண்டட் மடிக்கணினி வாங்கியவர்கள் முதலில் பெட்டியைப் பாருங்கள். விண்டோஸ் அசலாகவே வந்திருக்கும், பலவற்றில் ஆபீஸும் சேர்ந்தே வந்திருக்கும். அதைச் செயல்படுத்தத் தெரியாமல், மேலே கிராக்கைப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அசெம்பிள் செய்த கணினியானால் பில்லில் விண்டோஸுக்குத் தனி வரி கேளுங்கள். ஓஇஎம் உரிமம் (கணினியோடு சேர்த்து விற்கப்படுவது) அந்த மதர்போர்டோடு முடிந்துவிடும். சில்லறை உரிமத்தை அடுத்த கணினிக்கு மாற்றலாம்.

'ஒருமுறை' என்றால் என்றென்றைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆபீஸ் 2019-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆபீஸ் 2021-க்கு 2026 அக்டோபர் 13, ஆபீஸ் 2024-க்கு 2029 அக்டோபர் 9. வாங்கும் விலையை மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள்.

## கட்டற்ற மென்பொருளும் இலவசமும்

கட்டற்ற மென்பொருள் என்றால் மூலநிரல் திறந்திருக்கும், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். இதற்காக விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற வேண்டியதில்லை. லிப்ரே ஆபீஸ், ஜிம்ப் (படத் திருத்தம்), இங்க்ஸ்கேப் (கோரல்டிரா போன்ற வரைகலை), ஸ்கிரைபஸ் (பக்க வடிவமைப்பு), கிரிட்டா (ஓவியம்) எல்லாம் விண்டோஸிலேயே ஓடும். கடிதம், பில், அட்டவணை அளவில் நிற்கும் கடைக்கு லிப்ரே ஆபீஸ் போதும். 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0-வில் விளைவுகளைப் பிறகு திருத்த முடிவது போன்ற வசதிகள் வந்துவிட்டன. பிஎஸ்டி எனப்படும் ஃபோட்டோஷாப் கோப்பை எப்போதாவது திறந்து பெயரை மாற்றித் தருவதற்கு, பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபியா இருக்கிறது. அது கட்டற்ற மென்பொருள் இல்லை, ஆனால் இலவசம். கல்யாண வீடியோ வெட்டுபவர்களுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் அப்படியே. ஒருமுறை விலைக்கு விற்கப்பட்டுவந்த அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளை 2024-இல் கேன்வா நிறுவனம் வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கியது. அதில் இறங்கும் முன் 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' மூன்றையும் தட்டிப் பாருங்கள்.

தமிழில் கட்டற்ற மென்பொருள்கள் பின்தங்கியவை என்ற எண்ணம் பழையது. லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப் மூன்றிலும் யூனிகோடு தமிழ் எந்த அமைப்பையும் மாற்றாமலே சரியாகச் சேர்கிறது. ஸ்கிரைபஸில் 2024 தொடக்கத்தில் வந்த 1.6 முதல் தமிழைப் பயன்படுத்தலாம், பழைய 1.4-ஐப் போட்டு ஏமாறாதீர்கள். எழுத்துருக்களையும் திருட வேண்டியதில்லை. கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பவனம், கவிவாணர், பலூ தம்பி எல்லாம் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமானவை.

குறைகளை மறைக்கக் கூடாது. ஜிம்ப்பில் நான்கு வண்ண முறையில் நேரடியாக வேலை செய்ய முடியாது. அச்சுக்குப் போகும் பக்கத்தை ஸ்கிரைபஸில் முடிப்பது நல்லது. ஃபோட்டோஷாப்பில் கை பழகியவருக்கு முதல் சில வாரங்கள் எரிச்சலாகவே இருக்கும். கோரல்டிரா கோப்புகளை இங்க்ஸ்கேப் ஓரளவே திறக்கும்.

முழுவதும் லினக்ஸுக்கே மாறுவது வேறு முடிவு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தபோது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகள் நல்ல நிலையில் இருந்தும் விண்டோஸ் 11-க்கு ஆகாமல் போயின. அவற்றுக்கு லினக்ஸ் மறுவாழ்வு. தமிழ்99, தட்டச்சு முறை இரண்டும் அதில் கிடைக்கும். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிப் பாடம் நடத்துகின்றன. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இந்திய லினக்ஸ் பதிப்பும் வந்தது. ஆனால் கற்றுத்தர ஆளில்லாததால் பல வீடுகளில் அது திறக்கப்படவே இல்லை. இது எனக்கு இன்றும் வருத்தம். டாலி, விரல்ரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்பம் ஆகியவற்றை நம்பி நடக்கும் கடைகள் மட்டும் விண்டோஸிலேயே இருப்பது நல்லது.

## அருகருகே

| வழி | ஐந்தாண்டுச் செலவு | பிறர் தரவுக்குப் பாதுகாப்பு | தமிழும் அச்சும் | விலக நினைத்தால் |
|---|---|---|---|---|
| கிராக் | தொடக்கத்தில் இல்லை. பிறகு அளவில்லை | மிக மோசம் | பழகியது | கோப்புகள் சந்தா மென்பொருளின் வடிவத்தில் சிக்கும் |
| மலிவு கீ | சில நூறு, திரும்பத் திரும்ப | அசல் தளத்தில் இறக்கினால் பரவாயில்லை | நன்று | எந்த நாளும் முடங்கலாம் |
| சந்தா | மிக அதிகம் | நன்று | மிக நன்று | கட்டணம் உண்டு. கோப்பைத் திறக்க மறுபடி சந்தா |
| ஒருமுறை விலை | நடுத்தரம் | ஆதரவுத் தேதி வரை நன்று | நன்று | எளிது |
| கட்டற்றது | கற்கும் நேரம் | நன்று | தமிழ் நன்று, வண்ண அச்சில் குறை | மிக எளிது |

## காசு கொடுத்தால் போதுமா

போதாது. 2005-இல் சோனி பிஎம்ஜி தன் பாட்டு சிடிக்களில் திருட்டைத் தடுக்க வைத்த நிரல், வாங்கியவர்களின் விண்டோஸுக்குள் ஒளிந்துகொண்டு வைரஸ்களுக்கு மறைவிடம் ஆனது. காசு கொடுத்தவர்கள்தான் பாதிக்கப்பட்டார்கள். 2017-இல் சிகிளீனர் என்ற கணினித் துப்புரவு மென்பொருளின் அதிகாரபூர்வ நிறுவியிலேயே தீநிரல் கலந்து, சுமார் 22.7 லட்சம் பேரைச் சென்றடைந்தது. கட்டற்ற உலகிலும் 2024 மார்ச்சில் 'எக்ஸ்இசட்' என்ற சிறு நிரலுக்குள் யாரோ பின்கதவு வைத்திருந்தார்கள். உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைப் பிடித்தார். மூலநிரல் திறந்திருந்ததால்தான் அவரால் அடிவரை தோண்ட முடிந்தது. 2022-இல் கூகுள் தேடலில் ஜிம்ப் பெயரில் வந்த விளம்பரமே தகவல் திருடியைக் கொடுத்தது. எதை இறக்கினாலும் விளம்பர இணைப்பைத் தவிர்த்து அதிகாரபூர்வத் தளத்துக்குப் போங்கள்.

## யாருக்கு எது

இ-சேவை மையம், நகலகம், கணக்கு எழுதுபவர்: அசல் விண்டோஸ், லிப்ரே ஆபீஸ், தேவையானால் உரிமம் பெற்ற டாலி. வேறு எதற்கும் செலவு வேண்டாம்.

கல்யாணப் பத்திரிகையும் பேனரும் செய்யும் கடை: அசல் விண்டோஸோடு இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், ஜிம்ப்பில் தொடங்குங்கள். உங்கள் அச்சகத்திடம் பிடிஎஃப் போதுமா என்று முன்பே கேளுங்கள். போதாது என்றால் அவர் கேட்கும் ஒரே ஒரு மென்பொருளுக்கு மட்டும் காசு கொடுங்கள்.

மாதம் தவறாமல் வேலையுள்ள ஸ்டூடியோ: படங்களுக்கு மட்டும் சந்தா, வீடியோவுக்கு ரிசால்வ். மாணவர்: கல்லூரி ஏதேனும் உரிமம் தருகிறதா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் கட்டற்றவற்றில் கற்றுக்கொள்ளுங்கள், அடுக்கு, வண்ணம், எழுத்தமைப்பு பற்றிய அறிவு எந்த மென்பொருளுக்கும் பொருந்தும்.

## ஏற்கெனவே கிராக் இருக்கிறது என்றால்

ஆன்டிவைரஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வெளி வட்டில் நகலெடுங்கள். நிறுவிகளையும் கிராக் போல்டர்களையும் விட்டுவிடுங்கள். நம்பகமான வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் பென்டிரைவ் தயாரித்து, வட்டை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவுங்கள். மின்னஞ்சல், வங்கி, வாட்ஸ்அப் வெப் எல்லாவற்றிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்தி, கடவுச்சொற்களைக் கைப்பேசியிலிருந்து மாற்றுங்கள். அச்சிட்டு முடித்த வாடிக்கையாளர் ஆவணங்களை அன்றன்றே அழித்துவிடுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருப்பது தெரிந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.